ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினத்தை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். 'ஐந்தில் ஒரு தொழில் பெண்கள் கையில்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் 2020 ஜூலை முதல் 2024 ஜனவரி முடிய பதிவான குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் 20.5 சதவீதம் பெண்களுக்குச் சொந்தம் என்ற அரசுக் கணக்கைக் கொடுத்திருந்தீர்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் அதே கணக்கில் அடுத்தடுத்து வரும் எண்களை விட்டுவிட்டீர்கள். அந்தத் தொழில்களில் போட்டிருக்கும் பணம் மொத்த முதலீட்டில் 11.15 சதவீதம்தான். விற்றுமுதல் 10.22 சதவீதம்.

எனக்கு உறுத்தியது எண் அல்ல, 'கையில்' என்ற சொல். அந்த 20.5 சதவீதத்தில் நானும் ஒருத்தி. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், இரும்பைக் கடைந்து உதிரிபாகம் செய்யும் ஒரு லேத் பட்டறை என் பெயரில் இருக்கிறது. 2020 டிசம்பரில் அதை உத்யமில் பதிவு செய்தார்கள். பதிவு செய்தது அன்று எனக்கே தெரியாது. என் ஆதாரோடு இணைந்திருந்தது என் கணவரின் போன் நம்பர். ஓடிபி அவருக்குப் போனது, அவர் அதை அடித்தார், நான் பெண் தொழில்முனைவோர் ஆகிவிட்டேன். அந்த நேரத்தில் நான் மகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் போனை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பிளஸ் டூ படித்தேன். கணவர் திருப்பத்தூர் பக்கம். ஐடிஐயில் டர்னர் முடித்துவிட்டு இங்கே வந்து, பீன்யாவில் பத்து வருஷம் பிறர் பட்டறையில் லேத் ஓட்டினார். 2012இல் சொந்தமாகத் தொடங்க ஆசைப்பட்டார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் என்று ஒன்று உண்டு. பிஎம்இஜிபி என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் நகரத்தில் தொடங்கும் தொழிலுக்குப் பொதுப்பிரிவு ஆணுக்கு 15 சதவீதம் மானியம், பெண்ணுக்கு 25 சதவீதம். கைப்பணமும் ஆண் பத்து சதவீதம் போட வேண்டும், பெண் ஐந்து போட்டால் போதும். கணவரின் ஊர் சாதிச் சான்றிதழ் இங்கே எடுபடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அவர் பொதுப்பிரிவு. பத்து லட்ச ரூபாய் திட்டத்துக்கு அவர் பெயரில் போட்டால் ஒன்றரை லட்சம் கிடைக்கும், என் பெயரில் போட்டால் இரண்டரை லட்சம். என் கையெழுத்துக்கு ஒரு லட்ச ரூபாய் மதிப்பு இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. "நீதான் ஓனர், நான் உன் கிட்ட டர்னர்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போடுவேன். அவர் ஃபைலைக் கொண்டுவரும்போது நான் பெரும்பாலும் ஈரக் கையோடு இருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுத் திரும்பப் போய்விடுவேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தாளையும் முழுக்கப் படித்ததில்லை.

திட்டத்தின்படி கடன் வாங்குகிறவர் தொழில்முனைவோர் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு அவர் போக முடியாது, நான்தான் போனேன். இரண்டு வாரம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. மடியில் வைத்துக்கொண்டு 'சந்தை ஆய்வு', 'லாபநட்டக் கணக்கு' எல்லாம் கேட்டேன். எங்கள் வரிசையில் உட்கார்ந்த பெண்கள் மத்தியான இடைவேளையில் பேசிக்கொள்வோம். "உங்களுக்கு என்ன தொழில்?" என்றால் "அவருக்கு பிரிண்டிங் பிரஸ்ஸு", "எங்க வீட்டுக்காரருக்கு பவுடர் கோட்டிங்" என்றுதான் பதில் வரும். 'எனக்கு' என்று சொன்னவர் ஒரே ஒரு அம்மா, ஊதுபத்தி உருட்டுகிறவர். அவர் பயிற்சியாளரை வறுத்தெடுத்துவிட்டார். மூலப்பொருள் கடனில் கொடுப்பவன் விலையை ஏற்றினால் என்ன செய்வது என்று மூன்று நாள் விடாமல் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2021 மே மாதம் கொரோனாவில் அவர் போய்விட்டார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

காரியம் முடிந்து சில நாளில் ஆடிட்டர் போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்மா. ஓடிபி வரும். பார்த்துச் சொல்ல முடியுமா?" ஓடிபி எங்கே வரும்? அவர் நம்பருக்கு. போன் பேட்டர்ன் போட்டுப் பூட்டியிருந்தது. மகன் சிம்மைக் கழற்றி ஒரு பழைய பட்டன் போனில் போட்டான். நான் பட்டறையின் முதலாளி என்று உணர்ந்த முதல் நிமிஷம் அதுதான். இறந்துபோன மனிதரின் நம்பருக்கு ஆறு இலக்க எண் வருகிறது, அதை நான் ஆடிட்டருக்குப் படித்துச் சொல்கிறேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. வங்கி ஆப் அந்த நம்பரில். மின் கட்டணம் அந்த நம்பரில். 2019இல் ஒரு பைனான்ஸ் கம்பெனியில், கம்ப்யூட்டரில் ஓடும் லேத்தான சிஎன்சி மெஷினுக்கு வாங்கிய கடன் என் பெயரில், செய்தி எல்லாம் அந்த நம்பருக்கு. 2020 ஊரடங்கின்போது அரசு உத்தரவாதத்தில் கொடுத்த அவசரக் கடனையும் வாங்கியிருக்கிறார். அதிலும் கையெழுத்து என்னுடையது. தனி உரிமையாளர் தொழில் என்றால் தொழில் வேறு ஆள் வேறு என்று சட்டத்தில் பிரிவினை கிடையாது. பட்டறையின் கடன் என் கடன். பட்டறையின் பான் எண் என் பான் எண். கடன்காரி நான்தான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது, ஆனால் அதில் எதையும் திறந்து பார்க்கும் சாவி என்னிடம் இல்லை.

ஆதார் மையம் திறந்ததும் முதல் வேலையாக 50 ரூபாய் கட்டி என் நம்பரை ஏற்றினேன். ஜிஎஸ்டியில் மாற்ற அலுவலகத்துக்கு நடந்தேன். இறப்புச் சான்றிதழ், ஷெட் வாடகை ஒப்பந்தம், பான், ஆதார், போட்டோ. அங்கிருந்த அதிகாரி ஒரு பெண்மணி, நல்ல மாதிரி. ஃபைலைப் புரட்டிவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்: "தொழில் உங்கள் பெயரில்தானே இருக்கிறது, நம்பர் மட்டும் ஏன் அவருடையது?" சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காகிதம்தான் என்னைக் காப்பாற்றவும் செய்தது. கொழுந்தனார் ஊரிலிருந்து வந்தார். "அண்ணி, மெஷினை எல்லாம் நான் எடுத்துக்கறேன், மாசம் பதினஞ்சாயிரம் வீட்டுக்குக் கொடுத்துடறேன். பீன்யாவுல போய் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அண்ணன் சொத்து என்றுதான் அவர் நினைத்தார். மாமியாரும் தலையாட்டினார். ஆடிட்டர்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது அண்ணன் சொத்து இல்லைங்க. 2012லேர்ந்து இவங்க சொத்து." பதிவு கணவர் பெயரில் இருந்திருந்தால் அதை ரத்துசெய்து, வாரிசு என்று நிரூபித்து, புதுசாக ஜிஎஸ்டி எண் வாங்கி, அதற்குள் ஆர்டர் எல்லாம் போயிருக்கும். ஆகவே மனைவி பெயரில் தொழில் தொடங்குவதை நான் குறை சொல்லவில்லை. தொடங்கட்டும். தாராளமாகத் தொடங்கட்டும்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். ஷெட்டில் மூன்று லேத், ஒரு சிஎன்சி, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பவர் ஹாக்ஸா. ஆறு பேர் வேலை பார்த்தார்கள். நான் போன முதல் மாதமே இரண்டு ஆபரேட்டர்கள் நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டால் சம்பளம் என்றார்கள். பக்கத்துத் தெருப் பட்டறையில் அதே சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அரக்கோணத்துக்காரர் ஒரு பெரியவர் மட்டும், "நான் இருக்கேம்மா, நீ பயப்படாதே" என்றார். என் கணவருக்கும் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. எங்கள் ஷெட்டில் மட்டுமில்லை, அந்த வரிசையிலேயே இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரி. அங்கே நூற்றுக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள். காவலாளியிடம் சொல்லிவிட்டு அங்கே போய்வருவேன். ஆறு மாதம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், சிறுநீர்த் தொற்று வந்தது. முதலாளியாக நான் வாங்கிய முதல் சாமான் ஒரு கதவும் ஒரு கழிப்பறைக் கோப்பையும். மேஸ்திரி, "எத்தனை பேருக்கு மேடம்?" என்று கேட்டார். "ஒருத்திக்கு" என்றேன். அவருக்கு அது பெரிய ஊதாரித்தனமாகப் பட்டிருக்கும். இன்று எங்கள் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

தொழிலைக் கற்றுக்கொண்டதைப் பற்றிக் கொஞ்சம் எழுதினால்தான் மற்றதெல்லாம் புரியும். அளக்கும் கருவிகளில் வெர்னியர் பிடிக்க ஒரு வாரம், மைக்ரோமீட்டர் பிடிக்க ஒரு மாதம். டிராயிங் படிக்க இன்னும் நாள் பிடித்தது. செப்டம்பரில் ஒரு ஆர்டர்: 25 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் 400 புஷ் (நடுவில் துளையுள்ள உருளை). டாலரன்ஸ், அதாவது அளவு முன்பின் இருக்க விடும் இடம், இருபது மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். புது ஆபரேட்டர் அவசரத்தில் மெஷினிலிருந்து இறக்கிய சூட்டிலேயே அளந்து அளந்து அடுக்கிவிட்டான். எல்லாம் சரியாகக் காட்டியது. மறுநாள் கம்பெனியில் அளந்தபோது பெரும்பாலானவை அளவு குறைவு, மொத்தமும் திரும்பி வந்தது. இரும்பு சூட்டில் விரியும். 25 மில்லிமீட்டர் கம்பி நாற்பது டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் பத்து மைக்ரானுக்கு மேல் பெரிதாகக் காட்டும். இருபது மைக்ரான் விளையாட்டில் பத்து என்பது பாதி. பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒரு புஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "ஆறட்டும்மா, அப்புறம் அள" என்றார். ஆறிய பிறகு அளந்தேன். அன்றைக்கு நஷ்டம் முப்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அதற்கப்புறம் ஆபரேட்டர்கள் என்னிடம் பேசும் விதம் மாறியது. தப்பு எங்கே நடந்தது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன், அது போதும் அவர்களுக்கு.

(இடையில் ஒரு வார்த்தை. மகளிர் தின மேடைகளில் 'வீட்டை நிர்வகிக்கிற பெண்ணுக்குத் தொழிலை நிர்வகிக்கத் தெரியாதா' என்று பேசுகிறார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டை இருபது வருஷம் நடத்தினேன். அதில் எதுவும் அந்த 400 புஷ்ஷுக்கு உதவவில்லை.)

ஸ்கிராப் ஒரு தனிக் கதை. லேத்தில் விழும் சுருளை மாதம் இரண்டு முறை எடை போட்டு எடுத்துப் போவார்கள். அந்தப் பணம் ரொக்கம். கணவர் அதில்தான் சீட்டுக் கட்டியிருக்கிறார், டைரியில் இருந்தது. நான் போனபின் மூன்று மாதம் எடை குறைந்துகொண்டே வந்தது. வாங்கும் கம்பி அதே அளவு, விற்கும் உதிரிபாகம் அதே அளவு, நடுவில் சுருள் மட்டும் எப்படிக் குறையும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தராசு வாங்கி வாசலில் வைத்தேன். அந்த மாதமே சுருள் பழைய எடைக்கு வந்துவிட்டது. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இனி வங்கி. 2022இல் நடைமுறை மூலதனத்துக்கு எட்டு லட்சம் கேட்டுப் போனேன். கம்பி வியாபாரிக்கு முப்பது நாளில் பணம் கொடுக்க வேண்டும். நாம் சப்ளை செய்யும் கம்பெனி தொண்ணூறு நாளில் கொடுத்தால் புண்ணியம். நடுவில் ஜிஎஸ்டி. இன்வாய்ஸ் போட்டுவிட்டால் 18 சதவீதத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், கம்பெனிக்காரன் நமக்குக் கொடுத்தானா என்று அரசாங்கம் கேட்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கடன்.

மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல், "சார் வரலையா மேடம்?" என்றார். சொன்னேன். வருத்தப்பட்டார். பிறகு சொத்துப் பத்திரம் கேட்டார். குறு, சிறு தொழிலுக்குப் பத்து லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே என்றேன். "விதி இருக்கு மேடம், இல்லைன்னு சொல்லலை" என்று சொல்லிவிட்டு, "அப்ப யாராவது ஜென்ட்ஸ் கோ-அப்ளிகன்ட் போடுங்க. அண்ணன், தம்பி?" என்றார். அண்ணன் தம்பி இல்லை. "பையனுக்கு பதினெட்டு ஆயிடுச்சா?" என்றார். ஆகியிருந்தது, அந்த மாதம்தான். டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிறான், பைக் லைசென்ஸ்கூட இன்னும் வரவில்லை. பத்து வருஷமாக என் பெயரில் இருக்கும் தொழிலுக்கு, ஒரு தவணைகூடத் தவறாத கடன் கணக்குக்கு, அவன் கையெழுத்து வந்தால் நம்பிக்கை வருமாம்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அடுத்து சொன்னதுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மேடம். லேடீஸ் பேர்ல வர்ற ஃபைல் நிறைய, நடத்துறது புருஷன்தான். எங்களுக்குத் தெரியும், பிரச்சனைன்னா அவரைப் பிடிப்போம். ஆள் இல்லாத ஃபைல் வந்தா யாரைப் பிடிக்கறதுன்னு மேல கேப்பாங்க."

'ஆள் இல்லாத ஃபைல்.' நான் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அவரை மட்டும் திட்ட முடியவில்லை. ஒன்பது வருஷம் நானும் அந்த மாதிரி ஒரு ஃபைலாகத்தானே இருந்தேன்? படிக்காமல் கையெழுத்துப் போட்ட எங்களைப் பார்த்துப் பார்த்து, பெண் பெயர் என்றாலே பின்னால் ஓர் ஆள் இருப்பார் என்று அவர்கள் பழகிவிட்டார்கள். நான் நிஜமாகவே முதலாளியாகி வந்து நின்றபோது அந்தப் பழக்கம் என் தலையில் விடிந்தது. வேறு ஒரு கிளையில் பன்னிரண்டு மாத ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பார்த்து மூன்று மாதம் கழித்துக் கடன் கொடுத்தார்கள், மகன் கையெழுத்து இல்லாமல். அந்த மூன்று மாதம் சம்பளம் போட்டது ஸ்ரீராமபுரத்தில் என் அம்மா காலத்திலிருந்து நடக்கும் பெண்கள் சீட்டில் தள்ளி எடுத்த பணத்தில். அந்தச் சீட்டு நடத்துகிற அக்கா மூன்றாம் வகுப்பு. கோ-அப்ளிகன்ட் கேட்கவில்லை.

பாக்கி வசூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது ஆண் முதலாளிகளுக்கும் உள்ள வியாதிதான். 2006ஆம் வருஷச் சட்டத்தின்படி சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதா மாதம் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம். செய்தால் வட்டி வருமோ வராதோ, அடுத்த ஆர்டர் நிச்சயம் வராது. ஆகவே நான் செய்வது வேறு: பாக்கி நூறு நாளைத் தாண்டினால் அந்தக் கம்பெனி வரவேற்பறையில் போய் உட்கார்வேன். சாப்பாட்டு டப்பாவோடு. ஒருமுறை பர்சேஸ் மேனேஜர் வெளியே வந்து, "என்ன மேடம், யாரையாவது அனுப்பியிருக்கலாமே" என்றார். "அனுப்பியாச்சு, நான்தான் வந்திருக்கேன்" என்றேன். 2024 மார்ச் கடைசி வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை நாலு மாதம் இழுத்தடிப்பவர்கள் தாங்களே கூப்பிட்டுப் பணம் போட்டார்கள். 45 நாளைத் தாண்டி, வருஷக் கடைசிவரை கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கியைச் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த புதிய விதி வேலை செய்தது. சந்தோஷப்பட்டேன். அடுத்த மாதமே இன்னொரு கம்பெனியின் கணக்கர் நைசாகக் கேட்டார்: "உங்க பில்லுல உத்யம் நம்பர் போடாம கொடுக்க முடியுமா மேடம்?"

நம்பர் இல்லாவிட்டால் அந்த விதியில் மாட்ட மாட்டோம் என்ற கணக்கு. எனக்குத் தெரியாத தேதியில், என் கணவர் ஓடிபி அடித்து வாங்கிய நம்பர் அது. போடாமல் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த ஆர்டர் பாதியாகிவிட்டது.

நான் குடியிருக்கும் தாசரஹள்ளித் தெருவில் ஒரு தங்கை பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கடை அவள் பெயர், வேலை அவள் வேலை, வாடிக்கையாளர் அவளுக்காக வருகிறார்கள். கல்லாவில் ஒரு க்யூஆர் அட்டை, பக்கத்தில் பேசும் பெட்டி. 'இருநூறு ரூபாய் பெறப்பட்டது' என்று அது கத்தும்போதெல்லாம் பணம் போய்ச் சேர்வது அவள் புருஷனின் கணக்குக்கு. அவர் நல்லவர்தான், கேட்டால் கொடுப்பார். கேட்டால். இதே கதையை லக்கெரேயில் ஒரு தையல் யூனிட்டிலும் பார்த்தேன். இவர்கள் எல்லாம் உங்கள் ஐந்தில் ஒன்றில் வருகிறார்களா, வரவில்லையா? வந்தாலும் தொல்லை, வராவிட்டாலும் தொல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த மார்ச்சில் பெண் தொழில்முனைவோரைப் பேட்டி எடுக்க நிருபரை அனுப்பும்போது, 'குடும்பத்தையும் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்று கேட்கச் சொல்ல வேண்டாம். அதை ஆண்களிடம் நீங்கள் கேட்பதில்லை. ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வங்கிக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று, ஆதாருக்கு ஒன்று, க்யூஆர் அட்டைக்கு ஒன்று. கேட்கிற இடத்தில் புருஷனும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சண்டை மூட்டிவிடச் சொல்லவில்லை. நம்பரை மாற்ற அவர்களே சேர்ந்து போகலாம், ஒரு அரை நாள் வேலை. என் கணவர் இருந்தபோது யாராவது கேட்டிருந்தால், "அட ஆமாம்ல" என்று அவரே என்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருப்பார். யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய சிம் இன்னும் பட்டன் போனில் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு செய்தி அதற்கு வந்துவிடுகிறது. போன மாதம் கம்பரஸர் கம்பெனியிலிருந்து சர்வீஸ் நினைவூட்டல். அதனால் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். பழைய ஆட்கள் சிலர் அதில்தான் கூப்பிடுகிறார்கள். "சார் இல்வா மேடம்?" (சார் இல்லையா) என்று கன்னடத்தில் இன்னும் சில பேர் கேட்கிறார்கள். "இல்ல, ஹேளி" (இல்லை, சொல்லுங்கள்) என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொள்வேன்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். என் வாடிக்கையாளர் கம்பெனிகளில் இரண்டு இடத்தில் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள், இன்னும் பாக்கி வர வேண்டியிருக்கிறது. நீளம் அதிகம் என்று தெரியும். சுருக்குவதானால் ஸ்கிராப் கதையை எடுத்துவிடுங்கள், புஷ் கதையைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். வங்கி மேலாளர் சொன்னதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாசரஹள்ளி, பெங்களூரு